கட்டவிழ்க்கும் கைகள்

யோவான் 11-ஆம் அதிகாரத்தைப் பிரசங்கத்தில் எத்தனையோ முறை கேட்டிருப்போம். லாசரு இறந்து நான்கு நாளாகிவிட்டது. கல்லை எடுத்துப்போடச் சொல்கிறார் இயேசு. "லாசருவே, வெளியே வா" என்று கூப்பிடுகிறார். அவன் வருகிறான். பெரும்பாலும் பிரசங்கம் அந்த இடத்தில் அல்லேலூயாவோடு நின்றுவிடும். வசனமோ இன்னும் இரண்டு வரி போகிறது. உயிரோடு வந்தவனின் கைகால்கள் பிரேதச் சீலையால் கட்டப்பட்டிருக்கின்றன, முகமும் சுற்றப்பட்டிருக்கிறது. இறந்தவனை எழுப்பியவருக்கு அந்தத் துணியை அவிழ்ப்பது பெரிய காரியமே இல்லை. ஆனாலும் சுற்றி நின்றவர்களைப் பார்த்து, "இவனைக் கட்டவிழ்த்து விடுங்கள்" என்கிறார்.

சபை எதற்காக இருக்கிறது என்று என்னைக் கேட்டால் இந்த வரியைத்தான் காட்டுவேன். எனக்குக் கிடைத்த சுகத்தில் தேவன் செய்த பங்கு எது, மனிதர்கள் செய்த பங்கு எது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்த கைகளை எனக்கு நன்றாகத் தெரியும். அவை அவசரப்படவில்லை. அந்த நிதானத்தைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறேன். காயப்பட்டவர்கள் கூடிப் பேசவும் ஜெபிக்கவும் உங்கள் சபையில் ஒரு சிறு குழுவைத் தொடங்க நினைப்பவர்களுக்கும், அப்படியொரு இடம் கிடைக்குமா என்று ஏங்குபவர்களுக்கும் உதவினால் சந்தோஷம்.

என் அப்பா குடிப்பவர். மற்றதை விவரிக்க வேண்டியதில்லை, அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஒரு வரி போதும். வாசலில் செருப்புக் கழற்றும் சத்தத்தை வைத்தே அன்றைய இரவு எப்படியிருக்கும் என்று கணிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் நாங்கள். அவர் இறந்த பிறகு எல்லாம் சரியாகிவிடும் என்று வீட்டில் எல்லோரும் நம்பினோம். எனக்கு அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. நடு ராத்திரியில் நெஞ்சு இறுகி மூச்சு முட்டும். பக்கத்தில் யாராவது குரலை உயர்த்தினால் கை நடுங்கும். அழுகை மட்டும் வராது.

அப்போது நான் போய்க்கொண்டிருந்த சபையில் இதைச் சொன்னேன். விசுவாசக் குறைவு என்றார்கள். ஒரு ஜெபக்கூட்டத்தில் முன்னே அழைத்து, நாலைந்து பேர் தலைமேல் கைவைத்து, உரத்த சத்தத்தில் ஜெபித்தார்கள். அவர்கள் மனதில் அன்பு இருந்தது என்பதை இன்றும் நம்புகிறேன். ஆனால் உரத்த சத்தத்துக்குப் பயந்து நடுங்கும் ஒருத்தியை நடுவில் நிறுத்தி எல்லோரும் சத்தம் போட்டால் அவளுக்கு என்ன ஆகும்? அன்று இரவு முழுக்கத் தூங்கவில்லை. மறுவாரம் "விடுதலை கிடைத்ததைச் சாட்சியாகச் சொல்லுங்கள்" என்று மைக்கை நீட்டினார்கள். கிடைக்காத ஒன்றை எல்லோர் முன்னாலும் கிடைத்ததாகச் சொல்ல வைப்பது காயத்தின்மேல் இன்னொரு காயம். இதைச் செய்கிற சபைகள் தயவுசெய்து நிறுத்துங்கள்.

என்னைச் சிறு குழுவுக்குக் கூட்டிப்போனது ஒரு தோழி. கூட்டிப்போனது என்பதைவிடச் சுமந்துபோனாள் என்பதே பொருத்தம். மாற்கு 2-ஆம் அதிகாரத்தில் திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்துவந்து, கூட்டத்தினால் உள்ளே நுழைய முடியாமல், கூரையைப் பிரித்துப் படுக்கையோடு இறக்குகிறார்களே, அந்த இடத்தில் வசனம் சொல்வதைக் கவனியுங்கள்: "இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு." படுத்திருந்தவனுக்கு விசுவாசம் எவ்வளவு இருந்தது என்று மாற்கு எழுதவில்லை. எனக்கும் அன்று விசுவாசம் என்று எதுவும் மிச்சமில்லை. அவளிடம் இருந்தது.

குழுவை நடத்திய அக்கா வயதானவர், அதிகம் பேசமாட்டார். நான் உள்ளே வந்ததும் கதவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "கஷ்டமா இருந்தா எழுந்து போயிடலாம்மா. ஏன்னு யாரும் கேட்க மாட்டோம்" என்றார். அவ்வளவுதான். பெயரைக் கேட்டார், வேறெதையும் கேட்கவில்லை. வெளியே போக வழியிருக்கிறது என்று தெரிந்ததால்தான் என்னால் உள்ளே உட்கார முடிந்தது. இன்று நாங்கள் நடத்தும் குழுவிலும் புதிதாக வருபவருக்கு அந்த நாற்காலிதான்.

பல வாரங்கள் நான் வாய் திறக்கவில்லை. யாரும் திறக்கச் சொல்லவும் இல்லை. ஒருநாள் 88-ஆம் சங்கீதத்தை வாசித்தார்கள். புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்பிவிடும். இது திரும்பாது, இருளிலேயே முடியும். வாசித்த அண்ணன் அதோடு பைபிளை மூடினார். "ஆனாலும் தேவன் நல்லவர்" என்று யாராவது சேர்த்துச் சொல்வார்கள் என்று காத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை. தேவனுடைய புத்தகத்திலேயே இப்படியொரு ஜெபத்துக்கு இடமிருந்தால் எனக்கும் இடமிருக்கும் என்று தோன்றியது. அன்றுதான் அப்பாவைப் பற்றிப் பேசினேன்.

பேசி முடித்ததும் ஒரு அமைதி. யாரும் ஆலோசனை சொல்லவில்லை, "எனக்கும் இப்படித்தான்" என்று தங்கள் கதைக்குத் தாவவும் இல்லை. அக்கா மட்டும், "சொன்னதுக்கு நன்றிம்மா. நாங்க கேட்டோம்" என்றார். பிறகு, "உனக்காக ஜெபிக்கலாமா?" என்று கேட்டார். தலையசைத்தேன். "தோள்ல கை வைக்கலாமா, வேண்டாமா?" வேண்டாம் என்றேன். எல்லோரும் அவரவர் இடத்திலேயே உட்கார்ந்து மெல்லிய குரலில் ஜெபித்தார்கள். நான் சொன்ன "வேண்டாம்" காரணம் கேட்கப்படாமல் அப்படியே ஏற்றுக்கொள்ளப்பட்ட நாள், எனக்கு நினைவு தெரிந்தவரை, அதுதான் முதல். அழுகையும் அன்றுதான் வந்தது.

யோபுவின் நண்பர்களை நாம் குறைசொல்லிப் பழகிவிட்டோம். அவர்கள் முதலில் செய்தது மிகச் சரி. துக்கம் மகா கொடியது என்று கண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல், இரவுபகல் ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கெட்டுப்போனது அவர்கள் விளக்கம் சொல்ல வாயைத் திறந்த பிறகுதான். குழுவில் புதிதாகப் பொறுப்பெடுப்பவர்களுக்கு நாங்கள் பழக்குவது முதலில் இதைத்தான்: வசனம் நாக்கின் நுனிக்கு வந்தாலும் பொறுத்திருங்கள். சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்னும் ரோமர் 8:28 உண்மை. அதை யார், எப்போது, யாரிடம் சொல்வது என்பதில்தான் அது மருந்தாவதும் கல்லாவதும்.

குழு எவ்வளவு பெரியதாக இருக்கலாம் என்று பலர் கேட்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு பேரைத் தாண்டினால் சிலர் பார்வையாளர்களாகி விடுகிறார்கள் என்பது என் அனுபவம். இது புதிய ஞானம் இல்லை. 1742-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் மெதடிஸ்டுகள் ஜெபக் கட்டடத்துக்கான கடனை அடைக்க வழி தேடினார்கள். பன்னிரண்டு பேர் கொண்ட வகுப்புகளாகப் பிரிந்து, ஒவ்வொரு வகுப்பின் தலைவரும் ஆளுக்கு வாரம் ஒரு பென்னி வசூலிப்பது என்று முடிவானது. வசூலுக்காக வீடு வீடாகப் போனவர்கள் அங்கிருந்த நிலைமைகளைக் கண்டு வந்து சொன்னார்கள். ஒருவரையொருவர் விசாரிக்க இதைவிட நல்ல வழியில்லை என்று மெதடிஸ்டுகளின் தலைவரான ஜான் வெஸ்லிக்குப் புரிந்தது. பண வசூலுக்காகப் பிறந்த ஏற்பாடு ஆத்தும விசாரிப்பாக மாறியது. ஞாயிறு ஆராதனையில் நூறு பேரோடு நிற்கும்போது கிடைப்பது ஒரு பலம், உங்கள் முகத்தைப் பார்த்தே "ராத்திரி தூங்கலையா?" என்று கேட்கும் ஆட்கள் இருப்பது வேறு பலம். இரண்டும் வேண்டும். ஒன்று மட்டும்தான் முடியும் என்றால் நான் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

குழுவில் பேசியது குழுவை விட்டு வெளியே போகக்கூடாது என்பதை ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லித்தான் தொடங்குகிறோம். ஜெபக்குறிப்பு என்ற பெயரில் வம்பு பரவுவது நம் சபைகளில் சாதாரணம். "அந்தச் சகோதரிக்காக ஜெபியுங்கள், பாவம், வீட்டில் இன்னது நடக்கிறதாம்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி போனால் போதும், அவர் திரும்ப யாரையும் நம்பமாட்டார். வாழ்க்கைத் துணையிடமும் சொல்லக்கூடாது, போதகரிடம் சொல்வதானாலும் சம்பந்தப்பட்டவரின் சம்மதம் வேண்டும். இதற்கு ஒரே விதிவிலக்கு உயிராபத்து, அல்லது குழந்தைக்கோ யாருக்கோ நடக்கும் கொடுமை. அப்படியானால் உடனே பாதுகாப்புக்கு ஏற்பாடு செய்வோம், சட்டத்தின் உதவியையும் நாடுவோம் என்று முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவிடுகிறோம். கொடுமையைச் "சபைக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்ளலாம்" என்பவர்கள் கொடுமை செய்பவருக்குத்தான் உதவுகிறார்கள்.

மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். என்னை மனநல மருத்துவரிடம் போகச் சொன்னதே அந்த அக்காதான். முதல் தடவை வெளியே காத்திருந்ததும் அவர்தான். மாத்திரை சாப்பிட்டால் விசுவாசம் போய்விட்டதாக அர்த்தமா என்று கேட்டேன். பவுலோடு ஊழியத்தில் கூடவே இருந்த லூக்காவைக் கொலோசெயர் நிருபம் "பிரியமான வைத்தியன்" என்றுதானே சொல்கிறது என்றார். எலியா சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாகக் கேட்டபோது தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. சாப்பாடு கொடுத்தான், தூங்கவிட்டான், திரும்ப எழுப்பிச் சாப்பாடு கொடுத்தான். மருத்துவர் தந்த மாத்திரையை ஜெபத்தின் பெயரால் நிறுத்தச் சொல்லும் எவரும் குழுவில் பொறுப்பில் இருக்கக்கூடாது. இதில் எனக்குச் சமரசம் கிடையாது.

மன்னிப்பு. அப்பாவை மன்னித்துவிட்டாயா என்று முன்பு எல்லோரும் கேட்பார்கள். அக்கா அதைக் கேட்கவே இல்லை. என்ன நடந்தது என்பதை முழுவதுமாகப் பெயர்சொல்லிச் சொல்ல விட்டார். எதை மன்னிக்கிறோம் என்று தெரியாமல் மன்னிப்பது எப்படி? எனக்கு அது ஜெபத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது, சில நாள் பின்வாங்கவும் செய்தது. இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அடிக்கிற கணவனை மன்னிப்பதும் அவன் வீட்டுக்குத் திரும்பிப் போவதும் ஒன்றல்ல. மன்னித்த பிறகும் கதவைப் பூட்டிக்கொள்ளலாம்.

அப்பாவின் காரணமாகக் குடிநோய் பற்றி நிறையத் தேடி வாசித்தேன். குடியை விட குடிநோயாளிகளே ஒருவருக்கொருவர் உதவும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு தொடங்கிய விதம் என்னை ரொம்பவும் தொட்டது. 1935 மே மாதம், பில் வில்சன் என்பவர் அமெரிக்காவின் ஆக்ரனுக்கு வியாபார விஷயமாக வந்து தோற்றுப்போய், ஓட்டல் கூடத்தில் தனியாக நிற்கிறார். குடியை விட்டுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஒரு பக்கம் மதுக்கூடம் அழைக்கிறது. அவர் தொலைபேசிக்குப் போய், அங்கிருந்த சபைகளின் பட்டியலைப் பார்த்து ஒரு போதகரை அழைக்கிறார். தனக்கு உதவி கேட்பதற்காக அல்ல, தான் உதவக்கூடிய இன்னொரு குடிநோயாளியைத் தேடி. அப்படித்தான் டாக்டர் பாப் ஸ்மித்தைச் சந்தித்தார். இருவருமே ஆக்ஸ்ஃபோர்டு குழு என்ற கிறிஸ்தவ இயக்கத்தோடு தொடர்புள்ளவர்கள். இன்னொருவனோடு பேசியதால்தான் தானும் குடிக்காமல் தப்பித்தார் வில்சன். யாக்கோபு 5:16 சொல்வதும் இதைத்தானே: "நீங்கள் சொஸ்தமடையும்படிக்கு, உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள்." ஒருவருக்கொருவர் என்பதால் இதில் உதவுகிறவன் ஒரு பக்கம், நோயாளி ஒரு பக்கம் என்ற கோடு இல்லை. அதனால் எங்கள் குழுவில் நடத்துகிறவரும் தன் முறை வரும்போது தன்னைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

அப்படிப் பேசாத தலைவர்களைப் பற்றி எனக்குப் பயம் உண்டு. ழான் வனியே 1964-இல் பிரான்சில் தொடங்கிய லார்ஷ் சமூகங்களில் மனவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களும் மற்றவர்களும் ஒரே வீட்டில் வாழ்கிறார்கள். உலகமே அவரைப் பரிசுத்தவான் என்று கொண்டாடியது. 2019-இல் அவர் இறந்தார். மறு ஆண்டு லார்ஷ் அமைப்பே விசாரணை முடிவை வெளியிட்டது: ஆவிக்குரிய வழிநடத்துதல் என்ற பெயரில் பல பெண்களை அவர் பாலியல் ரீதியாகப் பயன்படுத்தியிருந்தார். வாசித்த அன்று மனது உடைந்துபோனது. ஆனால் மறைக்காமல் தாங்களே வெளியிட்டார்களே, அதை மதிக்கிறேன். நாங்கள் பின்பற்றும் சில ஒழுங்குகள் இதையெல்லாம் யோசித்து வைத்தவை. ஆணும் பெண்ணும் தனியறையில் ஆலோசனைக்கு உட்காருவதில்லை. ஒரே ஆள் எப்போதும் குழுவை நடத்துவதில்லை. "கர்த்தர் எனக்கு வெளிப்படுத்தினார்" என்று சொல்லி யாருடைய திருமணத்தையோ வேலையையோ பணத்தையோ தீர்மானிக்க யாருக்கும் அதிகாரமில்லை. தலைவர்மேல் குறையிருந்தால் யாரிடம் போய்ச் சொல்வது என்று, அவருக்கு மேலே ஒருவரின் பெயர் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் சபையில் அப்படியொரு பெயர் இல்லையென்றால் முதலில் அதைக் கேளுங்கள்.

ஜெபித்தும், மருந்து சாப்பிட்டும், நாங்கள் கூடவே இருந்தும் முழுவதும் குணமாகாதவர்கள் எங்களில் உண்டு. ஒரு தம்பிக்கு அவ்வப்போது காதில் குரல்கள் கேட்கும். அவனைச் சரிசெய்தே தீருவது என்று தொடக்கத்தில் சிலர் வேகம் காட்டினார்கள். பெல்ஜியத்தில் கீல் என்றொரு ஊர் இருக்கிறது. புனித திம்ஃப்னாவின் ஆலயத்துக்குச் சுகம் தேடி வந்த மனநோயாளிகளை இடைக்காலம் முதலே அந்த ஊர்க் குடும்பங்கள் தங்கள் வீடுகளில் வைத்துக்கொண்டன. அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. 1930-களின் இறுதியில் 3,000-க்கும் அதிகமானோர் அப்படி வீடுகளில் வாழ்ந்தார்கள். குணப்படுத்துவது குடும்பத்தின் வேலை இல்லை, அதற்கு மருத்துவர்கள் இருக்கிறார்கள். குடும்பம் அவரைக் குடும்பத்தில் ஒருவராக வைத்துக்கொள்ளும். இதைக் குழுவில் பகிர்ந்தபோது அந்தத் தம்பிதான் முதலில் பேசினான்: "எனக்கும் அது போதும். ஒவ்வொரு வாரமும் சரியாயிட்டியான்னு மட்டும் கேட்காதீங்க." இப்போது அவன்தான் நாற்காலிகளை எடுத்துப்போட்டு, பாட்டைத் தொடங்கிவைக்கிறான். குரல்கள் நிற்கவில்லை. அவனை நான் விடுதலை பெற்றவனாகத்தான் பார்க்கிறேன். பவுலும் தன் மாம்சத்தில் இருந்த முள்ளை எடுத்துப்போடச் சொல்லி மூன்று தரம் வேண்டிக்கொண்டார், முள் அப்படியே இருந்தது, கிருபை போதும் என்ற பதில் வந்தது.

இதற்கெல்லாம் பலன் உண்டா என்று கணக்குக் கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். அமெரிக்காவில் 70,000-க்கும் மேற்பட்ட செவிலியப் பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் ஒருமுறைக்கு மேல் ஆராதனைக்குப் போனவர்களிடையே, போகாதவர்களைவிட இறப்பு விகிதம் 33 சதவீதம் குறைவாக இருந்தது. அதற்கான காரணங்களில் ஒன்றாக மனிதர்களின் ஆதரவையும் ஆய்வு கண்டது. ஆலயத்துக்குப் போனாலே ஆயுசு கூடும் என்று இதை வைத்துப் பிரசங்கம் செய்யக்கூடாது, ஆய்வும் அப்படிச் சொல்லவில்லை. காயப்படுத்துகிற சபைக்குப் போய் ஆயுசு குறைந்தவர்களையும் நான் அறிவேன்.

குழுவைச் சார்ந்தே வாழ்வது என்ற ஆபத்து ஒன்று பாக்கியிருக்கிறது. கலாத்தியர் 6-இல் "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து" என்று இரண்டாம் வசனமும், "அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பானே" என்று ஐந்தாம் வசனமும் வருகின்றன. நள்ளிரவில் மூச்சு முட்டியபோதெல்லாம் அக்காவுக்குப் போன் செய்வேன். அவர் எடுப்பார். கொஞ்ச காலம் கழித்து, "முதல்ல பத்து நிமிஷம் நீயா மூச்சை நிதானமா விட்டுப் பாரு, சங்கீதம் ஒண்ணு சத்தமா வாசி, அப்புறமும் முடியலன்னா கூப்பிடு" என்றார். கோபம் வந்தது. ஆனால் அந்தப் பத்து நிமிடம் மெல்லமெல்லப் போதுமானதாக ஆனது. அவருக்கும் தூக்கம் வேண்டும் என்பதும் எனக்கு அப்போதுதான் உறைத்தது. இப்போது யாருடைய பாரத்தையும் ஒருவர் தலையில் மட்டும் வைப்பதில்லை. மூன்று நான்கு பேரின் எண்களைத் தருகிறோம். வேலை, நட்பு, விளையாட்டு, படிப்பு என்று குழுவுக்கு வெளியே வாழ்க்கை விரிந்து, சிலர் வருவதைக் குறைத்துக்கொள்வார்கள். அப்போது ஒருமுறை நலம் விசாரித்துப் பேசுவோம். "ஏன் வரவில்லை" என்று துரத்துவதில்லை, பின்மாற்றம் என்று முத்திரை குத்துவதும் இல்லை. அக்கா அவர்களிடம் ஒன்றை மட்டும் கேட்பார்: "மனசு கனத்தா கூப்பிட்டுப் பேச உனக்கு ஆள் இருக்காங்களா?" இருக்கிறார்கள் என்றால் அவருக்காக ஸ்தோத்திரம் சொல்லி அனுப்பிவைக்கிறோம். இல்லை என்றால் இரண்டு பேர் அந்த வாரமே அவர் வீட்டுக்குப் போவார்கள்.